பேர் பதிந்த துப்பாக்கியும் பதியாத துப்பாக்கியும்

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. அமெரிக்காவில் ராணுவ உடை மாதிரி மாட்டிக்கொண்டு, கையில் ரைஃபிளோடு, 'நாங்கள் மிலிஷியா' (குடிமக்கள் படை) என்று தெருவில் நிற்கும் குழுக்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்பது ஒன்று. சுவிட்சர்லாந்திலும்தான் வீட்டு அலமாரியில் ராணுவ ரைஃபிள் இருக்கிறது, அங்கே ஏன் இந்தக் கூத்து இல்லை என்பது இரண்டாவது. சனி ஞாயிறுகளில் பொழுதுபோக்காகச் சுடப் போகிறவர்களும் இவர்களும் ஒரே கூட்டமா என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்குப் பதில் ஒற்றைச் சொல்: கிடையாது. ஏன் கிடையாது என்று புரிய வேண்டுமானால் 1790-களுக்குப் போக வேண்டும்.

1791-ல் ஏற்கப்பட்ட இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம் ஆங்கிலத்தில் மொத்தமே 27 சொற்கள். ஒழுங்காக நடத்தப்படும் மிலிஷியா ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்குத் தேவை என்கிறது முன்பாதி. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது பின்பாதி. இரண்டு நூற்றாண்டாக வழக்கறிஞர்கள் இந்த இரண்டு பாதிக்கும் நடுவில் கிடக்கும் காற்புள்ளியை வைத்துப் பிழைப்பு நடத்தி வருகிறார்கள். ஆதரவாளர்கள் பின்பாதியை மட்டும் டி-ஷர்ட்டில் அச்சடித்துக்கொள்வார்கள். எதிர்ப்பாளர்கள் முன்பாதியை மட்டும் வாசிப்பார்கள். அடுத்த ஆண்டே வந்த மிலிஷியா சட்டத்தை இரண்டு தரப்பும் அவ்வளவாகத் தொடுவதில்லை. எனக்கு அதுதான் பிடித்த ஆவணம்.

1792-ன் அந்தச் சட்டம் சொல்வது இது. 18 வயதுக்கு மேல் 45-க்குள் உள்ள, உடல் திடமான, அடிமையாக இல்லாத, வெள்ளைக்கார ஆண் குடிமகன் ஒவ்வொருவனையும் அந்தந்த வட்டாரத்துக் கேப்டன் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்த ஆறு மாதத்துக்குள் அவன் தன் கைக்காசைப் போட்டுச் சாமான் வாங்க வேண்டும்: நல்ல மஸ்கெட் (அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி) ஒன்று, அதன் முனையில் மாட்டும் பயனட் கத்தி, இடுப்புவார், உதிரியாக இரண்டு சிக்கிமுக்கிக் கல், முதுகுப்பை, 24 தோட்டாவாவது கொள்ளும் ஒரு பை. கூப்பிட்ட நாளில் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு வந்து நிற்க வேண்டும்.

இதில் உரிமை என்ற பேச்சே இல்லை பாருங்கள். வரி கட்டுவது மாதிரி ஒரு கடமை. ஆண்டுக்கு ஓரிரு முறை ஊர்ப் பொதுவெளியில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், பேர் கூப்பிடப்படும், துப்பாக்கி சோதிக்கப்படும், வராதவனுக்கு அபராதம். உழவு வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பது யாருக்குத்தான் பிடிக்கும்? 1830-கள் வாக்கில் பல ஊர்களில் இந்தப் பயிற்சி நாள் குடித்துக் கும்மாளமடிக்கும் நாளாகிவிட்டது. துப்பாக்கிக்குப் பதில் சோளத்தட்டையையும் குடையையும் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றவர்கள் உண்டு. குடிமகன் கையில் ஆயுதம் என்ற பெரிய லட்சியம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு அந்தச் சோளத்தட்டை போதும்.

மிலிஷியாவை எதற்குக் கூப்பிடலாம் என்பதையும் அரசியல் சட்டம் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது: நாட்டின் சட்டங்களை நிறைவேற்ற, கிளர்ச்சிகளை அடக்க, படையெடுப்புகளை முறியடிக்க. நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். 'அரசு கொடுங்கோலாக மாறினால் அதை எதிர்க்கத்தான் மிலிஷியா' என்று இன்றைய குழுக்கள் சொல்வதற்கு நேர் எதிர். 1794-ல் மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் சாராய வரியை எதிர்த்து ஆயுதம் தூக்கியபோது, ஜனாதிபதி வாஷிங்டன் சுமார் 13,000 மிலிஷியா வீரர்களைக் கூட்டிக்கொண்டு அவர்களை அடக்கக் கிளம்பினார். புது அரசியல் சட்டத்தின் கீழ் நடந்த முதல் பெரிய மிலிஷியா நடவடிக்கையே வரிகொடா இயக்கத்தை ஒடுக்கியதுதான். நியாயமாகச் சொன்னால் மறுபக்கமும் உண்டு: விடுதலைப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19-ல் கன்கார்டில் இருந்த ஆயுதக் கிடங்கைப் பறிக்க வந்த பிரிட்டிஷ் படையை லெக்ஸிங்டனிலும் கன்கார்டிலும் எதிர்கொண்டவர்கள் ஊர் மிலிஷியாக்காரர்கள். அந்த நினைவு பொய்யில்லை. ஆனால் அவர்களும் தத்தம் ஊர்ப் பட்டியலில் பேர் இருந்தவர்கள், கேப்டன் சொன்னபடி கூடியவர்கள்.

தெற்கு மாநிலங்களில் இதற்கு இன்னொரு முகம். அங்கே மிலிஷியாவின் அன்றாட வேலைகளில் ஒன்று இரவு ரோந்து: தப்பி ஓடும் அடிமைகளைப் பிடிப்பது, அவர்கள் குடிசைகளில் ஆயுதம் இருக்கிறதா என்று துழாவுவது. ஆயுதம் ஏந்திய குடிமகன் என்றால், 'குடிமகன்' யார் என்ற கேள்வி கூடவே வரும். 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்களை வெள்ளையர் ஆயுதக் கும்பல் கொன்று குவித்தது. 1876-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கும்பல்காரர்களின் தண்டனையை ரத்து செய்துவிட்டது. இரண்டாவது திருத்தம் மத்திய அரசின் கையை மட்டும்தான் கட்டும், தனிநபர்களின் கையைக் கட்டாது என்று காரணமும் சொன்னது.

தொண்ணூறு வருஷம் கழித்து அதே லூசியானாவில், ஜோன்ஸ்பரோ என்ற ஊரில், 1964-ல் கறுப்பின ஆண்கள் தாங்களே ஒரு பாதுகாப்புக் குழு அமைத்துச் சிவில் உரிமைத் தொண்டர்களுக்குத் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். 1967-ல் கறுப்பின உரிமைக்குப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஏந்தத் தடை என்று மசோதா வந்திருந்தது. அதை எதிர்த்துத்தான் போனார்கள். மசோதா வேகமாக நிறைவேறியது. கையெழுத்திட்ட கவர்னர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கி உரிமைக்காரர்கள் பிற்பாடு தங்கள் நாயகனாகக் கொண்டாடிய அதே ரீகன்தான்.

மிலிஷியா ராணுவமாக எவ்வளவு தேறும் என்பது 1814-ல் தெரிந்துபோனது. பிளேடன்ஸ்பர்க்கில் மிலிஷியா கலைந்து ஓட, பிரிட்டிஷ் படை நேரே போய் வாஷிங்டனைக் கொளுத்தியது. அதற்கப்புறமும் இழுத்துப் பறித்து ஓட்டி, 1903-ல் ஒரு வழியாகச் சட்டத்தை மாற்றினார்கள். மிலிஷியா இரண்டாகப் பிரிந்தது. பயிற்சி, சம்பளம், சீருடை எல்லாம் உள்ளது நேஷனல் கார்டு (National Guard) என்ற படை. மீதி எல்லாரும் 'அமைப்பாகத் திரட்டப்படாத மிலிஷியா'. இன்றைக்கும் சட்டப்படி 17-லிருந்து 45 வயதுக்குள் உள்ள உடல் திடமான ஆண் குடிமக்கள் அத்தனை பேரும், குடியுரிமை பெறப்போவதாக முறையாக அறிவித்தவர்களும் இந்த இரண்டாவது ரகம். டல்லாஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் தம்பி அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால் அவனும் மிலிஷியாதான். கடிதம் எதுவும் வராது, பயப்பட வேண்டாம்.

இன்றைய குழுக்கள் பிடித்துத் தொங்குவது இந்த ஒற்றை வரியைத்தான். 'சட்டமே எங்களை மிலிஷியா என்கிறதே!' சொல்கிறதுதான். ஆனால் கூப்பிடும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுக்கவில்லை. அரசு கூப்பிட்டால் வர வேண்டியவர்கள் என்று சொல்வதற்கும், நாலு பேர் கூடித் தாங்களே தளபதி வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரியது. இந்தத் தகராறு 1886-லேயே தீர்க்கப்பட்டுவிட்டது.

அந்த வழக்கு சுவாரசியமானது. சிகாகோவில் ஜெர்மன் குடியேறிகளான சோஷலிசத் தொழிலாளர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். போலீசும் முதலாளிகளின் அடியாட்களும் வேலைநிறுத்தங்களை அடித்து நொறுக்கிய காலம். தற்காப்புக்கு ஆயுதப் பயிற்சி எடுத்தார்கள். 1879-ல் ஹெர்மன் பிரெஸ்ஸர் என்பவர் கையில் வாளோடு குதிரை மேல் அமர்ந்து, ரைஃபிள் ஏந்திய சுமார் 400 பேரை நகரத் தெருவில் அணிவகுத்து நடத்திச் சென்றார். கவர்னரின் அனுமதி இல்லாமல் தனியார் படை அணிவகுக்கக் கூடாது என்று இல்லினாய் மாநிலத்தில் சட்டம் இருந்தது. அபராதம் 10 டாலர். அந்தப் பத்து டாலருக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார், தோற்றார். தனியார் ராணுவ அணிவகுப்பைத் தடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது தீர்ப்பு.

2008-ல் ஹெல்லர் வழக்கில் அதே நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது மிலிஷியாவோடு சம்பந்தமில்லாத தனிநபர் உரிமை என்று சொன்னது. துப்பாக்கி உரிமைக்காரர்களுக்கு மாபெரும் வெற்றி. ஆனால் அதே தீர்ப்பிலேயே, பிரெஸ்ஸர் வழக்கைக் குறிப்பிட்டு, தனியார் ராணுவ அமைப்புகளைத் தடை செய்வதை இரண்டாவது திருத்தம் தடுக்காது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆக, தனியாளாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். படையாகத் திரள முடியாது. ஹெல்லரைக் கொண்டாடும் மிலிஷியாக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

பின்னே எப்படித் தெருவில் நிற்கிறார்கள் என்று கேட்பீர்கள். தடுக்கும் சட்டங்கள் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் உண்டு, எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் அபூர்வம். பல மாநிலங்களில் ஒருவர் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி நடப்பது குற்றமில்லை. அப்படி முப்பது பேர் ஒன்றாக நின்றால் அது முப்பது தனிநபர்களா, ஒரு படையா? உள்ளூர் ஷெரீஃப் தேர்தலில் நின்று வருகிறவர். எதற்கு வம்பு என்று விட்டுவிடுவார். 2017-ல் வெர்ஜீனியாவின் ஷார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகளின் பேரணியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த நகராட்சி வழக்குப் போட்டு, வந்திருந்த ஆயுதக் குழுக்களிடம் இனி அங்கே அப்படித் திரண்டு வரமாட்டோம் என்று நீதிமன்ற உத்தரவு வாயிலாக உறுதி வாங்கியது. சட்டத்துக்குப் பல் இருக்கிறது, கடிக்க ஆள் வேண்டும்.

இப்போதைய மிலிஷியா இயக்கம் தொண்ணூறுகளில் முளைத்தது. 1992-ல் ஐடஹோவில் ரூபி ரிட்ஜ், 1993-ல் டெக்சஸில் வேகோ. இரண்டிலும் மத்திய ஏஜென்டுகளின் முற்றுகை, இரண்டிலும் பெண்களும் சிறுவர்களும் செத்தார்கள். வேகோவில் 51 நாள் முற்றுகை தீயில் முடிந்தபோது 76 பேர். அரசு அங்கே மோசமாகத்தான் நடந்துகொண்டது, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கோபத்தில் 1994-ல் மொன்டானாவிலும் மிச்சிகனிலும் குழுக்கள் எழுந்தன. வேகோ எரிந்தது ஏப்ரல் 19. சரியாக இரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் ஓக்லஹோமா நகரில் டிமதி மெக்வே வைத்த குண்டில் 168 பேர் இறந்தார்கள். கட்டடத்தில் இருந்த குழந்தைகள் காப்பகமும் போனது. 2009-ல் ஓத் கீப்பர்ஸ் என்ற மிலிஷியா அமைப்பு தன்னை அறிவித்துக்கொண்டதும் ஒரு ஏப்ரல் 19-ல்தான், அதுவும் லெக்ஸிங்டனிலேயே. தேதி மீது இவர்களுக்கு அப்படி ஒரு மோகம். அதன் நிறுவனர் ஸ்டூவர்ட் ரோட்ஸ், யேல் சட்டக் கல்லூரியில் படித்தவர், 2021 ஜனவரி 6-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட சம்பவத்துக்காக அரசுக்கு எதிரான சதிக் குற்றத்தில் 18 ஆண்டு தண்டனை பெற்று, 2025 ஜனவரியில் டிரம்ப் தண்டனையைக் குறைத்ததும் வெளியே வந்தார்.

இனி சுவிட்சர்லாந்து. 'அங்கேயும் வீட்டுக்கு வீடு துப்பாக்கி' என்று விவாதத்தில் எடுத்து வீசுவார்கள். அங்கே நடப்பது, ஏறக்குறைய, அமெரிக்கா 1792-ல் எழுதிவிட்டுக் கைவிட்ட விஷயம். ராணுவம் மிலிஷியா முறையில் இயங்க வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டமே சொல்கிறது. ஆண்களுக்குக் கட்டாயச் சேவை. பயிற்சி முடித்தவன் தன் ரைஃபிளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் அந்த ரைஃபிளின் எண்ணுக்கு எதிரே அவன் பேர் இருக்கிறது. சேவைக்காலத்தில் ரைஃபிள் தரப்பட்டவன் ஆண்டுதோறும் ஆகஸ்ட் முடிவதற்குள் உள்ளூர்ச் சுடுசங்கத்துக்குப் போய் 300 மீட்டரில் 20 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். முழு மதிப்பெண் 85. 42 எடுத்தால் தேர்ச்சி. இலக்கை முழுக்கத் தவறவிட்ட குண்டுகள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. தோட்டா அரசு செலவு, அதை அங்கேயே சுட்டுத் தீர்க்க வேண்டும், பையில் போட்டு வர முடியாது.

முன்பு வீட்டிலேயே வைத்துக்கொள்ள 50 தோட்டாக்களை டப்பாவில் அடைத்து முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். போர் மூண்டால் வீட்டிலிருந்து முகாமுக்குப் போகும் வழியில் சுட்டுக்கொண்டே போக! ஆய்வு நாளில் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2007-ல் அதையும் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். சேவை முடிந்தபின் ரைஃபிள் வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கடைசி மூன்று ஆண்டில் ஒழுங்காகச் சுடப் போனதற்குச் சான்று காட்ட வேண்டும், தொடர்ச்சியாகச் சுடும் வசதியை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சொர்க்கம் ஒன்றுமில்லை. 2001-ல் ட்சூக் மாகாண மன்றத்தில் ஒருவன் நுழைந்து 14 பேரைச் சுட்டுக் கொன்றான். 2003-ஐ ஒட்டி ராணுவத்தின் அளவைப் பாதியாகக் குறைத்து, அதனால் வீட்டு ரைஃபிள்கள் குறைந்தபோது, சேவை வயது ஆண்களின் தற்கொலையும் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இருந்தும் 2011-ல், ரைஃபிளை ஆயுதக் கிடங்கில்தான் வைக்க வேண்டும் என்ற யோசனையை வாக்களித்தவர்களில் 56 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

அங்கே ஏன் தான்தோன்றி மிலிஷியா இல்லை என்பதற்கு என் பதில்: அந்த இடம் காலியாக இல்லை. 'நாட்டுக்காக ஆயுதம் ஏந்துகிறவன்' என்ற நாற்காலியில் ஏற்கனவே எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அலுப்போடு, ஆகஸ்ட் கெடுவைத் திட்டிக்கொண்டு. அமெரிக்கா பட்டியலைக் கிழித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் விட்டுவைத்தது. விட்டுவைத்த பட்டத்தை யாரோ எடுத்து மாட்டிக்கொள்ளத்தானே செய்வார்கள்.

மூன்றாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே சொல்லலாம். சில ஆண்டுகள் முன்பு, கிரீன் கார்டு வந்தபிறகு, ஒஹையோவில் ஒரு திறந்தவெளிச் சுடுதளத்துக்கு அலுவலக நண்பர் அழைத்துப் போனார். பக்கத்து மேசையில் எழுபது வயதுப் பெரியவர், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பது தோட்டா கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி, எல்லாம் அவரே வீட்டில் அடைத்தவை. ஒரு நோட்டு: ஒவ்வொரு வரிசைக்கும் வெடிமருந்தின் எடை கிரெயின் கணக்கில், அன்றைய வெப்பம், காற்று. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு நிதானமாக போல்ட்டை (தோட்டா அறையை மூடும் தாழை) திறந்து, சூடான பித்தளைக் குப்பியை எடுத்துத் துணியில் வைப்பார்; மறுபடி அடைக்க. ஐந்து குண்டு ஒரு நாணயத்தளவு இடத்துக்குள் விழுந்திருந்தது. ஆறாவதாக ஒன்று விலகிப்போனதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அரசியல் ஒரு வார்த்தை இல்லை.

அங்கே நான் மறக்காத ஒன்று ரேஞ்ச் ஆபீசரின் குரல். 'நிறுத்து' என்று அவர் சொன்ன கணம் அத்தனை மேசையிலும் கை விலகியது. போல்ட் திறந்து, உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் கொடி செருகி, கோட்டுக்குப் பின்னால் போய் நின்றோம்; அதற்கப்புறம்தான் இலக்குத் தாளை மாற்ற ஆட்கள் முன்னே நடந்தார்கள். அந்த இடைவெளியில் ஒரு இளைஞன் தன் ரைஃபிள் மேலிருந்த தொலைநோக்கியைச் சரிசெய்ய எட்டிக் கைவைத்தான். சுடவில்லை, தொட்டான், அவ்வளவுதான். மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். விலையுயர்ந்த ரைஃபிள், புத்தம்புது உடுப்பு, முகம் சிவந்து போனான். யாரும் அவனுக்குப் பரிந்து பேசவில்லை.

இந்த உலகத்துக்கென்று நீண்ட மரபு உண்டு. என்ஆர்ஏ எனப்படும் தேசிய ரைஃபிள் சங்கத்தை 1871-ல் ஆரம்பித்தவர்கள் உள்நாட்டுப் போரில் தங்கள் பக்கச் சிப்பாய்களுக்குக் குறிபார்த்துச் சுடவே தெரியவில்லை என்று நொந்துபோன அதிகாரிகள். நூறு ஆண்டு அது முக்கியமாகச் சுடுபோட்டியும் வேட்டையும்தான். 1977 சின்சினாட்டி மாநாட்டில் கடும்போக்கினர் தலைமையைக் கைப்பற்றிய பின்பே அரசியல் இயந்திரமானது. ஒஹையோவின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அரசே குடிமக்களுக்குக் குறி சொல்லிக்கொடுத்த காலத்தின் மிச்சம் அது.

ஆனால் காற்று திசை மாறியிருக்கிறது. ஏன் துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று 1999-ல் கருத்துக்கணிப்பில் கேட்டபோது, 49 சதவீதம் பேர் வேட்டை என்றும் 26 சதவீதம் பேர் பாதுகாப்பு என்றும் சொன்னார்கள். 2023-ல் பியூ நிறுவனம் கேட்டபோது 72 சதவீதம் பேர் பாதுகாப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். கடைகளிலும் இது தெரியும். மரக்கட்டை போட்ட வேட்டை ரைஃபிள்கள் ஓரத்துக்குப் போய் ராணுவ ரைஃபிள் சாயலில் உள்ள ஏஆர்-15 நடுவில் வந்துவிட்டது. (ஏஆர் என்பது ஆர்மலைட் நிறுவனத்தின் பேர், 'அசால்ட் ரைஃபிள்' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் துப்பாக்கிப் பிரியர்கள் அன்றைக்குச் சாப்பிடாமல்கூடச் சண்டைக்கு வருவார்கள்.) 1977-ல் காப்புரிமை காலாவதியானதால் யார் வேண்டுமானாலும் பாகம் செய்யலாம். சட்டப்படி துப்பாக்கி என்பது வரிசை எண் பொறித்த கீழ்ப்பகுதி ஒன்றுதான். குழல், கைப்பிடி, விளக்கு எல்லாம் உதிரிச் சாமான், தபாலில் வரும். பைக்கைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு உள்ள அதே குஷி. அதோடு சேர்த்து விற்பனையாவது குண்டு துளைக்காத மார்புத்தகடு, வீடு புகுந்து தாக்கும் பயிற்சி வகுப்பு, நாடு சீக்கிரம் சிதறப்போகிறது என்ற கதை. பொழுதுபோக்குக்காரர்களில் பெரும்பாலோர் சாமானோடு நின்றுவிடுகிறார்கள். கதையையும் சேர்த்து வாங்குகிறவர்களில் ஒரு சிறு பகுதிதான் மிலிஷியா பக்கம் நகர்கிறது.

சொல்ல மறந்தது: மிலிஷியா என்றதும் எல்லாருக்கும் பயம் வருகிறது, எண்ணிக்கை காட்டும் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2017 மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் சுமார் 39.3 கோடித் துப்பாக்கிகள், நூறு பேருக்கு 120. 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலைகள். ஆயுதக் குழுக்கள் கொன்றவர்களை இதற்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. கட்டில் பக்கத்து இழுப்பறைதான் ஆபத்தான இடம்.

காந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் அவரையும் விடுவதில்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் தீமைகளில் ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய ஆயுதச் சட்டம்தான் மிகக் கறுப்பானது என்ற பொருளில் அவர் எழுதியது உண்மை. எங்கே எழுதினார் தெரியுமா? 1918-ல், கேடா மாவட்டத்தில், பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் சேர்த்த துண்டறிக்கையில். ஆயுதம் பழக வேண்டுமா, படையில் பேர் கொடுங்கள் என்பதுதான் அடுத்து வருவது.

கடைசியாக, உங்கள் நண்பர் சுடுதளத்துக்கு அழைக்கிறார் என்று சொன்னீர்களே. நீங்கள் எச்-1பி விசாவில் இருந்தால் சும்மா போய்ச் சுட்டுவிடாதீர்கள். குடியேற்றமல்லாத விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் அதில் சேரும். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. பல மாநிலங்களில் வகுப்பு முடித்துத் தேர்வு எழுதி அதை வாங்கலாம். முதலில் அதை வாங்குங்கள், நண்பரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.